கைகளின் பிரயாசம்

(சபை ஆண்டுவிழாவை ஒட்டி நடந்த பெண்கள் கூடுகையில் ஆற்றிய உரை)

 

"ஆலைகளில் உழைக்கும் பெண்களைப் பற்றிப் பேசுங்கள்" என்று பெண்கள் ஐக்கியத்தார் கேட்டபோது, முதலில் தட்டிக்கழிக்கப் பார்த்தேன். தலைப்பு பிடிக்காமல் அல்ல. அந்தத் தலைப்புக்குள் என் அம்மா இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் மறைத்துவைத்த ஒரு காரியமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தத் தலைப்பில் பேசினால் அது பொய்யாகிவிடும். ஆகவே சொல்லத்தான் போகிறேன். ஆனால் முதலில் காபி.

ஆராதனை முடிந்ததும் பின்கூடத்தில் நாம் எல்லோரும் காபி குடிக்கிறோம். அந்தக் காபியை வடிக்க ஒரு தாள் வைக்கிறோமே, அது வருகிற சிவப்பும் பச்சையுமான பெட்டியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது? பிள்ளைகளே, யாருக்காவது தெரியுமா? சரி, பின்னால் ஒரு தம்பி கத்திவிட்டான். மெலிட்டா. அது ஒரு கம்பெனியின் பெயர் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருப்போம். அது ஒரு அம்மாவின் பெயர். அந்த அம்மா நம்முடைய இந்த டிரெஸ்டன் ஊர்க்காரர்.

மெலிட்டா பென்ட்ஸ் 1873-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி இங்கே பிறந்தார். கணவர் பெயர் ஹூகோ. அவர்களுக்கு வில்லி, ஹோர்ஸ்ட் என்று இரண்டு பையன்கள். ஹெர்ட்டா என்ற பெண் பிள்ளை பிறகு பிறந்தாள். அன்றைக்குக் காபி போடுவது பெரிய தொல்லையாக இருந்தது. பொடியை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் அடியில் மண்டி தங்கும். கடைசி வாய் குடிக்கும்போது பல்லில் நறநறவென்று அகப்படும். துணியில் வடிகட்டினால் துணியை ஒவ்வொரு முறையும் அலசிக் காயப்போட வேண்டும். நாலு நாளில் அது வாடை அடிக்கும். நம் வீட்டில் துணியில் டீ வடிகட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

மெலிட்டா என்ன செய்தார்? ஒரு பித்தளைப் பாத்திரத்தை எடுத்து, அதன் அடியில் ஆணியால் தட்டித் தட்டி ஓட்டை போட்டார். மூத்த பையன் வில்லியின் பள்ளிக்கூட நோட்டுக்குள் மை ஒற்றும் தாள் ஒன்று இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. மைக்கூட்டில் தொட்டு எழுதிய காலத்தில், எழுத்து கலையாமல் இருக்க மேலே ஒற்றி எடுக்கிற, ஈரத்தை உறிஞ்சும் தாள் அது. அதை வட்டமாக வெட்டி ஓட்டைகளின் மேல் விரித்து, காபிப் பொடியைப் போட்டு, வெந்நீரை ஊற்றினார். தெளிவான காபி சொட்டுச் சொட்டாக இறங்கியது. மண்டி தாளோடு நின்றுவிட்டது. தாளை எடுத்து எறிந்தால் வேலை முடிந்தது.

நம் கும்பகோணத்துக்காரர்கள் இங்கே ஒரு ஆட்சேபம் எழுப்புவார்கள். பித்தளை ஃபில்டரில் ஓட்டை இருக்கிறதே, தாள் எதற்கு என்று. அந்த வழக்கை இன்று எடுக்க வேண்டாம். டிகிரி காபிக்கு முன்னால் எந்த நாட்டுக் காபியும் நிற்காது என்பது என்னுடைய கட்சியும்தான்.

இப்படிச் சமையலறையில் ஒரு நல்ல யுக்தியைக் கண்டுபிடித்த பெண்கள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள். என் பாட்டியிடம் பத்தாவது இருந்திருக்கும். வித்தியாசம் அடுத்ததாக மெலிட்டா செய்த காரியத்தில்தான் இருக்கிறது. அவர் அதைப் பக்கத்து வீட்டம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்ததோடு நிறுத்தவில்லை. பெர்லினில் இருந்த காப்புரிமை அலுவலகத்துக்கு எழுதினார். 1908 ஜூன் 20-ஆம் தேதி அது பதிவானது. அதே ஆண்டு டிசம்பர் 15-ஆம் தேதி டிரெஸ்டனின் வணிகப் பதிவேட்டில் ஒரு நிறுவனம் பதிவானது. பெயர் எம். பென்ட்ஸ். அந்த எம் மெலிட்டாவின் எம். ஹூகோவின் எழுத்து அல்ல. முதலீடு 73 பென்னி. நூறு பென்னி சேர்ந்தால்தான் ஒரு மார்க். அதாவது ஒரு மார்க் கூட முழுசாக இல்லை.

ஆலை எங்கே? மார்ஷல் தெருவில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குள்தான். எட்டுச் சதுர மீட்டர். நம்மில் புதிதாக வந்த மாணவர்கள் தங்கியிருக்கிற அறையை விடச் சிறியது. தகரக் கொல்லர் ஒருவரிடம் பாத்திரங்களைச் செய்யக் கொடுத்தார், தாளை வீட்டில் வெட்டினார்கள், பெட்டியில் அடுக்கினார்கள். முதல் தொழிலாளிகள் கணவரும் இரண்டு பையன்களும். பையன்கள் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்க் கடைகளில் இறக்கினார்கள். அடுத்த ஆண்டு, 1909-ல், லைப்சிக் சந்தையில் 1200 வடிகட்டிகள் விற்றன.

இதில் ஹூகோ என்கிற மனிதரைக் கொஞ்சம் கவனியுங்கள், சகோதரர்களே. அவர் மனைவியின் பெயரில் இருந்த கம்பெனியில் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் அது சாதாரணமில்லை. 1900-ல் இந்த நாட்டில் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டப்படி குடும்பக் காரியங்களில் முடிவு எடுக்கும் உரிமை கணவனுக்கு. மனைவி வெளியே ஒரு வேலைக்கு ஒப்புக்கொண்டால், நீதிமன்றத்தின் அனுமதி பெற்று அந்த வேலையைக் கணவன் முறிக்கலாம். பெண்களுக்கு ஓட்டு கிடையாது. அது 1918 நவம்பரில்தான் வந்தது. மேற்கு ஜெர்மனியில் 1977 வரைக்கும் வீட்டைக் கவனிப்பது மனைவியின் பொறுப்பு என்று சட்டத்திலேயே இருந்தது. ஜெர்மனி என்றால் எல்லாம் முதலிலிருந்தே முன்னேறியிருந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இல்லை. இங்கேயும் பெண்கள் ஒவ்வொரு படியாகத்தான் ஏறினார்கள்.

பிறகு 1914-ல் முதல் உலகப் போர் வந்தது. உலோகத்தைப் போர்த் தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள், காகிதத்துக்குக் கட்டுப்பாடு, கடல்வழி அடைபட்டதால் காபிக் கொட்டையே வரவில்லை. ஹூகோவை ராணுவத்துக்கு அழைத்து ருமேனியாவுக்கு அனுப்பினார்கள். காபி வடிகட்டி செய்கிறவருக்குப் பாத்திரமும் இல்லை, தாளும் இல்லை, காபியும் இல்லை, கணவனும் வீட்டில் இல்லை. மெலிட்டா அட்டைப் பெட்டிகள் விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். போர் முடிந்ததும் மறுபடி தொடங்கினார். 1928-க்குள் எண்பது பேர் இரண்டு ஷிஃப்டில் வேலை செய்கிற அளவுக்கு வளர்ந்தது. டிரெஸ்டனில் போதுமான இடம் கிடைக்காததால் 1929-ல் மிண்டன் என்ற ஊருக்குப் போய்விட்டார்கள். இன்றும் தலைமையிடம் அங்கேதான். இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

1932-ல் பொறுப்பைப் பிள்ளைகளுக்கு மாற்றிக் கொடுத்த பிறகும் தொழிலாளர்களின் நலனில் மெலிட்டா கண் வைத்திருந்தார். கிறிஸ்துமஸ் போனஸ் வந்தது. ஆண்டுக்கு ஆறு நாளாக இருந்த விடுமுறை பதினைந்து நாளாக உயர்ந்தது. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றார்கள். எட்டுச் சதுர மீட்டரில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாள் வெட்டியவருக்கு வேலை செய்கிறவர்களின் களைப்பு தெரிந்திருக்கும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

முழுக்கதையும் இனிப்பு அல்ல. ஹிட்லர் காலத்தில் அந்த நிறுவனம் ஆட்சியாளர்களோடு ஒத்துப்போனது. மகன் ஹோர்ஸ்ட் அவர்களுடைய அமைப்பிலேயே உறுப்பினராக இருந்தார். போருக்கான பொருள்களையும் அங்கே செய்தார்கள். பெரிய பிள்ளைகள் இதைப் பள்ளியில் படிக்கிறீர்கள். ஆகவே மறைக்காமல் சொல்கிறேன். மெலிட்டா 1950 ஜூன் 29-ஆம் தேதி காலமானார்.

மெலிட்டா முதலாளி ஆனவர். எல்லாப் பெண்களும் முதலாளி ஆகவில்லை. அவர் பதிவு செய்த அதே 1908-ஆம் ஆண்டு டிசம்பரில், பெண்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இயற்றினார்கள். அது தானாக வரவில்லை. இதே சாக்சனி மாநிலத்தில் கிரிமிட்சாவ் என்று ஒரு நெசவாலை ஊர் இருக்கிறது. 1903 ஆகஸ்டில் அங்கே சுமார் எட்டாயிரம் பேர் வேலையை நிறுத்தினார்கள். அதில் ஏராளமானோர் பெண்கள். அவர்கள் கேட்டது என்ன? பதினொரு மணி நேர வேலையைப் பத்தாகக் குறையுங்கள். ஒரே ஒரு மணி நேரம். வீட்டுக்குப் போய்ப் பிள்ளை முகத்தைப் பார்க்க ஒரு மணி நேரம். ஐந்து மாதம் தாக்குப்பிடித்தார்கள். 1904 ஜனவரியில், கேட்டது கிடைக்காமலேயே திரும்ப வேலைக்குப் போனார்கள். தோற்றுப்போனார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஐந்து ஆண்டுக்குள் சட்டம் வந்தது.

நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு பெண்ணின் சிலை நிற்கிறதே, கையில் சுத்தியலோடு, தலையில் துணி கட்டிக்கொண்டு? டிராமில் போகும்போது பார்த்திருப்பீர்கள். 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் இந்த நகரம் கல்மேடாகப் போன பிறகு, செங்கல்லைப் பொறுக்கி, ஒட்டியிருந்த காரையைத் தட்டி, திரும்பக் கட்டுவதற்கு அடுக்கிய பெண்களுக்காக வைத்த சிலை அது. 1952-ல் வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த கிழக்கு ஜெர்மனியில் பத்துப் பெண்களில் ஏறத்தாழ ஒன்பது பேர் வேலைக்குப் போனார்கள் அல்லது படித்தார்கள். அவர்களோடு வியட்நாமிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த பெண்களும் ஆலைகளில் நின்றார்கள். கர்ப்பமானால் கருவைக் கலைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு. நாம் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் வாங்குகிற கடைகளில் நிற்கிற வியட்நாம் அக்காமாரில் சிலர் அந்தக் காலத்தில் வந்தவர்களாக இருக்கலாம். அடுத்த முறை அவர்களிடம் கொஞ்சம் நின்று பேசுங்கள்.

இனி நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். இங்கிருந்து தெற்கே மலைப்பக்கம் அன்னாபெர்க் என்ற ஊரில் ஒரு பெண்ணின் சிலையோடு நீரூற்று இருக்கிறது. பார்பரா உட்மான். 1575-ல் இறந்தவர். கணவர் இறந்த பிறகு சுரங்கத் தொழிலையும் ரேந்தை, பட்டி முடையும் தொழிலையும் தானே நடத்தினார். ஏறத்தாழ 900 பேர் அவருக்காக வேலை செய்தார்கள். ரேந்தை என்றால் லேஸ், பிள்ளைகளே. நூலைக் கோத்துக் கோத்துப் பின்னுகிற பூவேலை. இப்போது கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நிமிர்ந்து உட்காருங்கள். 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனெரி சார்லஸ் மால்ட் ஐயருடைய மனைவி மார்த்தா மால்ட் அம்மையார், நம் பெண் பிள்ளைகளுக்கு இந்த ரேந்தை வேலையைக் கற்றுக்கொடுத்தார். அவர்களில் அடிமைகளாகப் பிறந்த பிள்ளைகள் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே, தங்கள் கையால் பின்னிய ரேந்தையை விற்ற காசில் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கிய பெண்கள் நாகர்கோவிலில் இருந்தார்கள்.

இதை முதல் முறை படித்த அன்று என்னால் அந்தப் புத்தகத்தில் மேற்கொண்டு போக முடியவில்லை. ஒரு கூலி வேலை ஒரு மனுஷியை மனுஷியாக்கியது. மால்ட் அம்மையாரின் மகள் எலைசாதான் 1844-ல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குப் போய், அங்கேயும் பெண்களுக்கு ரேந்தை வேலை கற்றுக்கொடுத்தவர். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் நமக்கெல்லாம் தெரியும். அந்த அம்மாவின் நூல் வேலை எத்தனை பேருக்குத் தெரியும்?

டிரெஸ்டனுக்கும் நமக்கும் வேறு ஒரு முடிச்சும் உண்டு. டி.இ.எல்.சி. சபைகளிலிருந்து வந்தவர்கள் லைப்சிக் மிஷன் என்று சொல்வீர்கள். அந்த மிஷன் 1836-ல் பிறந்தது லைப்சிக்கில் அல்ல, இந்த டிரெஸ்டனில். 1840-ல் தரங்கம்பாடிக்கென்று புறப்பட்ட கோர்டெஸ் ஐயர் டிரெஸ்டன் மிஷனின் ஆளாகத்தான் போனார். பிறகுதான், 1848-ல், மிஷன் லைப்சிக்குக்கு மாறியது. ஆகவே நாம் இங்கே வந்து தமிழில் பாடுவது ஒரு வகையில் பதில் மரியாதை.

வேதத்திலும் கைத்தொழில் செய்த பெண்களைத் தேட வேண்டியதில்லை. வாசஸ்தலத்துக்கு வேண்டிய இளநீலமும் சிவப்புமான நூலையும் ஆட்டுமயிரையும் நூற்றவர்கள் பெண்கள். லீதியாள் சாயத்துணி வியாபாரி. பிரிஸ்கில்லாள் கணவனோடு சேர்ந்து கூடாரம் தைத்தவள். பவுலும் அந்த வீட்டில் அவர்களோடு உட்கார்ந்து தைத்தார். முரட்டுத் துணியையோ தோலையோ ஊசியால் குத்தி இழுத்தால் விரல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த விரல்கள் எங்கள் வீட்டில் இருந்தன.

எங்கள் ஊர் ஆம்பூர். பிரியாணிக்குப் பேர் போன ஊர் என்று சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் பெண்களுக்கு வேலை என்றால் ஷூ கம்பெனி. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஒவ்வொரு கிராமமாக வந்து ஏற்றிக்கொண்டு போகும். தோலை வெட்டுவது ஒரு பிரிவு, ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது ஒரு பிரிவு, பசை தடவி மடிப்பது ஒரு பிரிவு. அம்மா தையலில். ஷூவின் மேல்பாகத்தை மெஷினில் தைப்பது. தோலில் தையல் போனால் திரும்பப் பிரிக்க முடியாது, ஊசி போட்ட ஓட்டை நின்றுவிடும். துணி தைப்பது போல அல்ல; ஒரே தடவையில் சரியாக வர வேண்டும். இருபத்திரண்டு வருஷம் அப்படித் தைத்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது பசை வாடையும் தோல் வாடையும் சேர்ந்து வரும். குளித்த பிறகும் இருக்கும்.

நான் ஆறாம் வகுப்புக்கு ஒரு ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தேன். சேர்க்கைப் படிவத்தை நான்தான் நிரப்பினேன்; வீட்டில் ஆங்கிலம் படித்தது நான் ஒருத்திதான் என்று எனக்கு எண்ணம். அதில் 'தாயின் தொழில்' என்று ஒரு கட்டம். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "ஷூ கம்பெனின்னு எழுது பாப்பா" என்றார்கள். நான் 'ஹவுஸ் வைஃப்' என்று எழுதினேன். கூடப் படிக்கப் போகிற பிள்ளைகளின் அம்மாக்கள் டீச்சராகவும் நர்சாகவும் இருப்பார்கள் என்று நினைத்தேன். தோல் வேலை என்றால் அடுத்து என்ன கேட்பார்கள் என்பதும் அந்த வயதிலேயே தெரிந்திருந்தது. நீட்டினேன். அம்மா பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்தில்தான் படித்தேன், இன்ஜினியர் ஆனேன், இங்கே வந்தேன்.

இப்போது நான் ஊருக்கு வடக்கே உள்ள சிப் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். பிள்ளைகள் அடிக்கடி கேட்பதால் சொல்கிறேன். தலை முதல் கால் வரை வெள்ளை உடை போட்டு, கண் மட்டும் தெரிகிற மாதிரி உள்ளே போக வேண்டும். பவுடர், மை, சென்ட் எதுவும் கூடாது. பொட்டும் கூடாது, எங்கள் மாமியாருக்கு அதில் இன்னும் வருத்தம். உள்ளே ஒரு பகுதியில் விளக்கு முழுக்க மஞ்சள். ஏனென்றால் அங்கே சிலிக்கான் தட்டின் மேல் பூசுகிற பொருள் நீல ஒளியும் புற ஊதா ஒளியும் பட்டால் மாறிவிடும். மஞ்சள் ஒளியில் பத்திரமாக இருக்கும். தட்டு ஒரு பெரிய தோசை அளவு, 300 மில்லிமீட்டர். அதில் கோடு போடுகிற அளவுக்கு முன்னால் உங்கள் ஒரு தலைமுடி பெரிய மரம். அங்கேயும் ஒரு தடவை தப்பினால் பிரிக்க முடியாது. அம்மாவின் வேலையைத்தான் நானும் செய்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இரண்டு கோடைக்கு முன்னால் அம்மா இங்கே வந்தார்கள். பிராகர் தெருவில் ஒரு செருப்புக் கடைக்குள் போனோம். அம்மா விலைச்சீட்டைப் பார்க்கவில்லை. ஒரு ஷூவை எடுத்து, கவிழ்த்து, நாக்குப் பகுதியை வெளியே இழுத்து உள்ளே படித்தார்கள். மேட் இன் இந்தியா. கட்டை விரலால் தையலைத் தடவிக்கொண்டே போனார்கள். "இது எங்க பக்கத்து கைதான்" என்றார்கள். பிறகுதான் விலையைக் கேட்டார்கள். ரூபாயில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஷூவை ஜோடி பார்த்து, வைத்த இடத்திலேயே நேராக வைத்தார்கள்.

திரும்பி வரும்போது டிராமில் அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். எத்தனையோ வருஷம் கழித்து. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியுமே" என்றார்கள். "டைம் கார்டுல, சீட்டுல எல்லாம் இங்கிலீஷ்தானே. அந்த ரெண்டு வார்த்தை படிக்க மாட்டேனா? நீ சின்னப் பொண்ணு. உனக்கு அங்க சேரணும்னு இருந்துச்சு. போட்டேன்."

இதற்கு மேல் இதைப் பற்றி என்னால் பேச முடியாது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்கிறேன்.

இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் நம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அரசின் 2019-20 தொழிற்சாலைக் கணக்கெடுப்பில் 43 சதவீதம். அதாவது ஆறரை லட்சத்துக்கு மேல். திருப்பூர்ப் பனியன், ஆம்பூர் ஷூ, ஸ்ரீபெரும்புதூர்ச் செல்போன், கிருஷ்ணகிரிப் பக்கம் ஸ்கூட்டர். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லத்தில் 18,720 பேர் தங்குகிற விடுதியைத் திறந்தார்கள். அந்த விடுதிக்கும் ஒரு முன்கதை உண்டு. 2021 டிசம்பரில், வேறொரு விடுதியின் கெட்ட சாப்பாட்டால் தோழிகள் ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பார்த்த பெண் பிள்ளைகள் ராத்திரியில் சென்னை-பெங்களூர் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளைகள். கிரிமிட்சாவ் பெண்களைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஊரைப் பெருமையாகப் பேசும்போது இந்த ராத்திரியையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். திருமணச் செலவுக்குப் பணம் என்று சொல்லி நூற்பாலைகளில் பிள்ளைகளை மூன்று வருஷம் அடைத்துவைத்த சுமங்கலித் திட்டத்தையும் நாம் மறக்கக் கூடாது. வேலை நல்லதுதான், கதவு உள்பக்கமிருந்து திறக்க வேண்டும்.

இப்போது நம் சபைக்கு வருகிறேன். கொஞ்சம் கோபித்துக்கொள்வீர்கள், பரவாயில்லை.

இந்த ஆண்டு மலருக்காகக் குடும்ப விவரப் படிவம் கொடுத்தோம். பெயர், பிறந்த ஊர், தொழில். அதைத் தொகுக்கிற வேலை என்னிடம் வந்தது. ஆண்கள் பெயருக்கு எதிரே எல்லாம் முழுசாக இருக்கிறது. பட்டம், கம்பெனி, பதவி. பெண்கள் பலருடைய பெயருக்கு எதிரே ஒரு கோடு. அதில் சிலர் வீட்டையும் பிள்ளைகளையும் பார்க்கிறவர்கள். அதைக் கோடு என்று எழுதுவது ஒரு தப்பு. ஒரு நாள் நீங்கள் படுத்துவிட்டால் அந்தக் கோடு என்ன வேலை செய்தது என்று வீட்டுக்குத் தெரியும். ஆனால் மற்றச் சிலரை எனக்குத் தெரியும். ஒரு அக்கா செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை ஷ்டோலன் பேக்கரியில் ராத்திரி முழுக்கக் கேக்கைச் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறார். இன்னொருவர் மருந்து கம்பெனியில் பாட்டில்களைச் சரிபார்க்கிறார். இரண்டு பேர் என்னைப் போலவே வெள்ளை உடைக்காரர்கள், பராமரிப்பு ஷிஃப்ட். ஞாயிறு காலையில் வேலை முடிந்து தூங்காமல் நேராக இங்கே வந்து பாடுகிறார்கள். பிரசங்கத்தில் கண் சொக்கினால் நாம் திரும்பிப் பார்க்கிறோம். அவர்கள் பெயருக்கு எதிரேயும் கோடுதான்.

ஊரில் எம்.எஸ்ஸி., பி.இ. படித்துவிட்டு இங்கே பேக்கிங் வேலைக்குப் போகிறோமே, சபை மலரில் போட்டால் ஊரில் பார்ப்பார்களே என்று ஒரு சகோதரி என்னிடம் சொன்னார். நான் என்ன பதில் சொல்ல முடியும்? அதே கோட்டை நானும் வேறு ஒரு படிவத்தில் போட்டவள். ஆனாலும் கேட்கிறேன். எழுதிக்கொடுங்கள். வேலையின் பெயர் தமிழில் தெரியாவிட்டால் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். படித்த படிப்பை இங்கே அங்கீகரிக்க வைக்க விரும்புகிறவர்கள் சான்றிதழ்களைக் கொண்டுவாருங்கள். விண்ணப்பத்தை நான் ஒரு தடவை நிரப்பியிருக்கிறேன், சேர்ந்து உட்காரலாம். பி1 ஜெர்மன் வகுப்புக்குப் போகிற தாய்மார்களின் பிள்ளைகளை முறைபோட்டுப் பார்த்துக்கொள்ள நாலு பேர் வேண்டும். அதில் ஹூகோக்களும் இருந்தால் நல்லது. கை தூக்குகிற சகோதரர்களின் பெயரையும் மலரில் போடுவோம்.

மலர் அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. படிவங்கள் பின்கூடத்தில், காபிக்குப் பக்கத்து மேஜையில் இருக்கின்றன. பேனாவும் வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளே, உங்களுக்கு வேறு மேஜை. அங்கே காலி டப்பாக்கள், ஆணி, சுத்தியல், ஒற்றும் தாள் எல்லாம் இருக்கின்றன. மெலிட்டா செய்தது மாதிரி ஆளுக்கொரு வடிகட்டி செய்யுங்கள். ஆணியைப் பெரியவர்கள் பிடித்துக்கொள்ளட்டும். தாளை வட்டமாக வெட்டும்போது டப்பாவை விடக் கொஞ்சம் பெரிதாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் பொடி ஓரமாக இறங்கிவிடும். வெந்நீரை நான் வந்து ஊற்றுகிறேன்.